திருப்பூரில் நமக்கென்று ஒரு கூட்டம்: எங்கே, எப்படி ஆரம்பிப்பது?

நொய்யல்கரை எழுதியது:

வணக்கமுங்க. இவ்வளவு நாள் படிக்க மட்டும் செய்தேன், இப்போதுதான் எழுதுகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும், வீட்டில் தெரியாது. அருந்ததியர் சமூகம். இதைச் சொல்லாமலே கேட்டுவிடலாம் என்று பார்த்தேன், ஆனால் இதை விட்டுவிட்டால் கேள்வியில் பாதி போய்விடுகிறது.

கோவையில் மாதம் ஒருமுறை ஒரு குழு கூடுகிறது. நல்லவர்கள்தான். ஆனால் கூடுவது ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒரு கஃபேயில், அதுவும் சனிக்கிழமை சாயங்காலம். சனிக்கிழமை எங்களுக்கு ஒன்றரை ஷிப்ட், சம்பள நாள் வேறு, விட்டுவிட்டு ஓடினால் திங்கட்கிழமை சூப்பர்வைசருக்குப் பதில் சொல்ல முடியாது. எப்படியோ போய்ச் சேர்ந்தாலும் அங்கே ஒரு காபி விலைக்கு இங்கே மெஸ்ஸில் இரண்டு வேளை சாப்பிட்டுவிடலாம். பேச்சு தமிழில் ஆரம்பிக்கும், பத்து நிமிடத்தில் இங்கிலீஷுக்குத் தாவிவிடும், நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒருவர் ரொம்ப அன்பாகத்தான் கேட்டார்: "சொந்த ஊர் எதுங்க? ஊருக்குள்ளேயா, வளவிலா?" கொங்கு நாட்டில் வளவு என்றால் எங்கள் ஆட்கள் குடியிருக்கும் பகுதி, சாதியைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கேள்வி என்று நமக்கெல்லாம் தெரியும். பதில் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, அதற்கப்புறம் என் மெசேஜுக்குத்தான் பதில் வரவில்லை.

இங்கேயே நாங்கள் நாலைந்து பேர் இருக்கிறோம். ஒருவர் சிங்கர் டெய்லர், தாராபுரத்துக்காரர், கல்யாணமாகிக் குழந்தைகள் இருக்கின்றன. ஒரு திருநம்பி, பெண்ணாக வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்பவர், ஐ.டி. கார்டில் இன்னும் பழைய பெயர். அப்புறம் மில் ஹாஸ்டலில் பழகி வெளியே வந்து, அக்கா தங்கச்சி என்று சொல்லி லைன் வீடு பிடித்திருக்கும் இரண்டு பெண்கள். அதில் ஒருத்தி எங்கள் ஆள், இன்னொருத்தி பண்ணாடி வீட்டுப் பெண், நிலம் வைத்திருக்கும் மேல்சாதி. அவள் வீட்டில் தெரிந்தால் பெண்ணோடு இருக்கிறாள் என்பதற்கு ஒரு வெட்டு, யாரோடு இருக்கிறாள் என்பதற்கு இன்னொரு வெட்டு. 2016-ல் உடுமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், சாதி மாறிக் கல்யாணம் செய்த சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றதை இங்கே யாரும் மறக்கவில்லை.

எங்களுக்கென்று ஒரு கூட்டம் வேண்டும். எங்கே கூடுவது? சங்கமாகப் பதிவு பண்ணணுமா? போலீஸ் வந்தால் என்ன சொல்வது? கோவை நண்பர் ஒருவரிடம் கேட்டேன், "நல்ல யோசனை, ஆனால் இதில் சாதியைக் கொண்டுவராதே" என்றார். அதற்கும் யாராவது பதில் சொல்லுங்கள்.

—

சிறுவாணித்தண்ணி எழுதியது:

நானும் அந்தக் கோவைக் குழுவில் இருப்பவன்தான், அதனால் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. கஃபே ஆடம்பரத்துக்காக இல்லை. பூங்காவில் உட்கார்ந்து பார்த்தோம், செக்யூரிட்டி வந்து "என்ன கூட்டம் இது, கிளம்புங்க" என்றார். ஹால் எடுத்தால் வாடகை. அந்தக் கஃபேக்காரர் ஒருவர்தான் எங்களை விரட்டாதவர்.

உங்கள் மெசேஜுக்குப் பதில் போடாதது தப்பு, அதில் பேச்சே இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நாம் இருப்பதே கொஞ்சம் பேர். அதிலும் சாதிக்கு ஒரு குழு, ஊருக்கு ஒரு குழு என்று பிரிந்தால் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்கப் போகும்போது யார் வருவார்கள்? முதலில் எல்லோரும் ஒன்றாக நின்று உரிமையை வாங்குவோம், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

—

தறிச்சத்தம் எழுதியது:

தம்பி நொய்யல்கரை, நான் திருநங்கை, பள்ளிபாளையம் பக்கம். தறிக்காட்டில் பிறந்து அந்தச் சத்தத்திலேயே வளர்ந்தவள். கோவைத் தம்பி "பிறகு" என்று எழுதியதைப் படித்துச் சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே சாமி. எங்களை எத்தனை இடத்தில் பிறகு வா என்று அனுப்பியிருக்கிறார்கள் தெரியுமா.

எங்களுக்கு ஜமாத் என்று திருநங்கைகள் குடும்பமாகச் சேர்ந்திருக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது, குரு, சேலா (சிஷ்யை), நானி (குருவுக்குக் குரு) என்று ஒரு வரிசை இருக்கிறது. அதில் நல்லதும் உண்டு கெட்டதும் உண்டு, ஆனால் வீட்டை விட்டு வந்தவளுக்கு அன்றைக்கு ராத்திரி படுக்க ஒரு பாய் கிடைத்துவிடும். உன்னைப் போன்ற பையன்களுக்கும் அந்த லைன் வீட்டுப் பெண்களுக்கும் அதுகூடக் கிடையாது. அதனால் கூட்டம் ஆரம்பிக்கிறாய் என்றால் கொடி, பேனர் எல்லாம் அப்புறம். முதலில் வேண்டியது இரண்டு நாள் யாரையாவது தங்கவைக்க ஒரு இடம். யார் வீடு, சாவி யாரிடம், வீட்டுக்காரர் கேட்டால் என்ன சொல்வது, இதை முதல் கூட்டத்திலேயே பேசி முடித்துவிடு.

இடம் என்று கேட்டால், திருப்பூரில் தொழிற்சங்க ஆபீஸ்களுக்குக் குறைச்சலே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடி ஹால் சும்மாதான் கிடக்கும். அம்பேத்கர் மன்றம், பெரியார் இயக்கத்துக்காரர்கள் இடம் என்றாலும் சரி. உன் தெருவிலும் வேண்டாம், உன் கம்பெனி இருக்கிற தெருவிலும் வேண்டாம். நேரம் ஞாயிறு மூன்று மணி. கறி எடுத்து, சமைத்து, சாப்பிட்டு, துணி துவைத்து முடித்து மனுஷன் வெளியே கிளம்புகிற நேரம் அது. இருட்டுமுன் முடித்துவிடு.

டீயைக் கடையில் சொல்லாதே, அங்கேயே போடுங்கள். ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர் ஒரு டஜன் வாங்கிவை. போடுகிற முறை மாறி மாறி வர வேண்டும், கழுவுகிற முறையும்தான், படித்தவன் படிக்காதவன் எல்லாருக்கும். ஒருமுறை எங்கள் ஜமாத்துக்கு வந்த ஒரு பெரிய மனுஷி, மேடையில் எல்லாரும் சமம் என்று அரை மணி நேரம் பேசிவிட்டு, டீ வந்ததும் "யார் போட்டது?" என்று மெல்ல விசாரித்தார். யார் கையால் குடிக்க யார் தயங்குகிறார் என்று பார்த்துக்கொண்டாலே போதும், அந்த ஆளை எவ்வளவு நம்பலாம் என்று உனக்குத் தெரிந்துவிடும்.

பஸ் காசுக்கு ஒரு உண்டியல் வை. நாங்கள் சாதா டவுன் பஸ்ஸில் 2021-ல் இருந்து பெண்களைப் போலவே டிக்கெட் இல்லாமல் வருகிறோம், ஆனால் பல்லடத்தில் இருந்தும் அவிநாசியில் இருந்தும் வருகிற பையன்களுக்கு அது இல்லையே. போகவர நாற்பது ஐம்பது ரூபாய் இல்லாமலே பாதிப் பேர் வராமல் போய்விடுவார்கள், கேட்டால் வேலை என்று சொல்வார்கள்.

—

வாய்தா எழுதியது:

ஈரோட்டில் வக்கீலாக இருக்கிறேன். சட்டப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

வயது வந்த இருவர் சம்மதத்தோடு இருப்பது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-ல் சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், முன்பு இதைக் குற்றமாக்கிய 377 மாதிரி ஒரு பிரிவே இல்லை. இன்றைக்கும் ஸ்டேஷனில் யாராவது "377-ல போட்டுருவேன்" என்று மிரட்டினால் அது வெறும் வாய்ப்பந்தல். கல்யாண உரிமை மட்டும் இன்னும் இல்லை, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

நமக்கு அதைவிடப் பக்கத்தில் இருப்பது சென்னை உயர் நீதிமன்றம். மதுரையில் இருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7-ல் போட்ட உத்தரவு முக்கியமானது. காணவில்லை என்று வீட்டார் புகார் கொடுத்தாலும், சம்பந்தப்பட்டவர்கள் வயது வந்தவர்கள், விருப்பத்தோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொல்லை கொடுக்காமல் புகாரை முடித்துவிட வேண்டும். "மாற்றிவிடுகிறோம்" என்று சொல்லிச் செய்யும் வைத்தியத்தையும் அதே உத்தரவு தடை செய்தது. இந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022-ல் தமிழகக் காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒன்று சேர்த்தார்கள். நம் சமூகத்தினரை மட்டுமல்ல, அவர்களின் நலனுக்காக வேலை செய்பவர்களையும் போலீஸ் துன்புறுத்தக் கூடாது என்கிறது அந்த விதி. அதாவது கூட்டம் நடத்துகிற உங்களுக்கும் அது பொருந்தும். உத்தரவு, விதி இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்து கூட்ட இடத்தில் ஒரு ஃபைலில் வையுங்கள். சட்டப்படியான விசாரணைக்கு வந்தால் தடுக்க முடியாது, ஆனால் காகிதத்தைக் காட்டியதும் குரல் இறங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த இரண்டு பெண்கள் விஷயம். 2025 மே மாதம் ஒரு ஆட்கொணர்வு வழக்கில், குடும்பம் உருவாகக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று உயர் நீதிமன்றம் சொன்னது, அதுவும் பெண்ணோடு வாழப் போன பெண்ணை வீட்டார் பிடித்து வைத்திருந்த வழக்கு. ஆகவே நாளைக்கு ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு போனால் அன்றைக்கே மனுப் போடலாம். இருவரும் இப்போதே, விருப்பத்தோடு இருக்கிறோம் என்று கையெழுத்துப் போட்டு ஒரு கடிதமும் வயதுச் சான்றின் நகலும் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வைக்கட்டும்.

இதில் சாதியைக் கொண்டுவராதே என்பவர்களுக்கு வக்கீலாக என் பதில்: கொண்டுவராமல் போனால் சட்டத்தில் பாதியை நீங்களே தூக்கி எறிகிறீர்கள். அந்த அருந்ததியர் பெண்ணைச் சாதி சொல்லி மிரட்டினால் 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும். புகாரில் அந்த வரியை எழுதாமல் வெறும் குடும்பத் தகராறு என்று எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் வந்து கேட்டால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்க வேண்டும், போன் என்றால் 15100.

பதிவு இப்போது வேண்டாம். சங்கப் பதிவுக்குக் குறைந்தது ஏழு பேர் பெயரும் முகவரியும் ஆபீஸ் ஏட்டில் ஏறும். உங்களில் எத்தனை பேரால் அது முடியும்? பணம் வாங்கும் நிலை வரும்போது யோசித்துக்கொள்ளலாம்.

—

புரூக்ளின்_பெருந்துறை எழுதியது:

சிறுவாணி, "பிறகு" என்று நீங்கள் சொன்னதற்கு நான் இருக்கும் அமெரிக்காவில் இருந்து ஒரு கதை. இனமும் சாதியும் ஒன்றல்ல, தெரியும், ஆனாலும் கேளுங்கள்.

1970-ல் நியூயார்க்கில் சில்வியா ரிவேராவும் மார்ஷா பி. ஜான்சனும் தெருவில் கிடந்த திருநர் பிள்ளைகளுக்காக ஒரு அமைப்பு ஆரம்பித்து, வீடு பிடித்துத் தங்கவைத்தார்கள். ஒருவர் லத்தீன் வம்சம், ஒருவர் கறுப்பர், இருவர் கையிலும் காசு கிடையாது. 1973 ஊர்வலத்தில், சிறையில் கிடக்கும் நம் ஆட்களைப் பற்றிப் பேச சில்வியா மேடை ஏறியபோது சொந்தக் கூட்டமே ஊளையிட்டது. முதலில் எல்லாருக்கும் பொதுவான சட்டம் வரட்டும், உங்களுடையதைப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். நியூயார்க் நகரில் தன்பாலீர்ப்பாளர்களைப் பாகுபாட்டிலிருந்து காக்கும் சட்டம் 1986-ல் வந்துவிட்டது. அதில் திருநரைச் சேர்க்க 2002 வரை ஆனது. சில்வியா அதே வருடம் பிப்ரவரியில் செத்துப்போனார்.

1977-ல் பாஸ்டனில் கோம்பாகி ரிவர் கலெக்டிவ் என்ற கறுப்பினப் பெண்கள், அதில் பலர் தன்பாலீர்ப்புப் பெண்கள், ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். கறுப்பினப் பெண்ணுக்கு விடுதலை கிடைத்தால் எல்லாருக்கும் கிடைத்த மாதிரிதான், ஏனென்றால் அதற்கு எல்லா ஒடுக்குமுறையும் உடைந்தாக வேண்டும் என்பது அதன் சாரம். இதைப் பிரிவினை என்று சொன்னவர்கள் அன்றைக்கும் இருந்தார்கள்.

நடைமுறைக்கு வருகிறேன். பேயார்ட் ரஸ்டின் என்று ஒருவர். கறுப்பர், தன்பாலீர்ப்பாளர். 1963 ஆகஸ்டில் இரண்டரை லட்சம் பேர் வாஷிங்டனில் கூடிய பேரணியைத் திட்டமிட்டவர் அவர்தான், ஆனால் அவர் தன்பாலீர்ப்பாளர் என்பதை எதிரிகள் ஆயுதமாக்கிவிடுவார்கள் என்று பயந்து தலைமைப் பெயரை வேறொருவருக்குக் கொடுத்து, இவரைத் துணைக்கு வைத்தார்கள். அந்தப் பேரணிக்குத் தொண்டர்கள் 80,000 சாப்பாட்டுப் பொட்டலம் கட்டினார்கள். கையேட்டில், வருகிறவர்கள் என்ன கட்டிக்கொண்டு வரலாம், வெயிலில் எது கெட்டுப்போகும் என்பதுவரை எழுதியிருந்தது. மயோனைஸ் வேண்டாம் என்று! நம்மூரில் புளிசோறு கட்டு, தயிர்சோறு வேண்டாம் என்று சொல்வது போலத்தான். தறிச்சத்தம் அக்கா டம்ளர் கணக்குச் சொன்னபோது எனக்கு ரஸ்டின்தான் ஞாபகம் வந்தார்.

நான் இருக்கும் புரூக்ளினில் ஆட்ரி லார்ட் ப்ராஜெக்ட் என்று ஒரு அமைப்பு, 1994-ல் இருந்து, வெள்ளையரல்லாத எல்ஜிபிடிக்யூ மக்களுக்காகவே இயங்குகிறது. அவர்கள் செய்த ஒன்று திருப்பூருக்கு அப்படியே பொருந்தும். தெருவில் யாராவது துரத்தினால் ஓடிப்போய் நுழைந்துகொள்ள, அக்கம்பக்கக் கடைக்காரர்களிடம் பேசி, அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, பாதுகாப்பான கடைகள் என்று ஒரு வலையை உண்டாக்கினார்கள். போலீஸைக் கூப்பிடாமல் எப்படிச் சமாளிப்பது என்பதையும் கற்றுக்கொடுத்தார்கள். உங்கள் ஏரியாவில் ஒரு பேக்கரி, ஒரு மெடிக்கல், ஒரு மெஸ் கிடைத்தால் போதுமே. ராத்திரி ஷிப்ட் விட்டு வருகிற வழியில் இருந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று. சாதி எல்லாம் கடல் தாண்டாது என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன். சியாட்டில் நகரசபை 2023 பிப்ரவரியில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

—

அமராவதிக்கரை எழுதியது:

எல்லாரும் ஆண்கள் கணக்கிலேயே பேசுகிறீர்கள், ஞாயிறு மூன்று மணி உட்பட. மில் ஹாஸ்டலில் இருந்த நான் சொல்கிறேன். பல இடத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை வார்டன் கூடக் கூட்டிக்கொண்டு போய்க் கடைவீதியில் விடுவார்கள், ஒரு மணி நேரத்தில் வேனில் ஏறியாக வேண்டும். அந்தப் பெண்களால் உங்கள் மாடி ஹாலுக்கு வரவே முடியாது. நீங்கள்தான் கடைவீதிக்குப் போக வேண்டும், அதுவும் பெண்கள் போக வேண்டும். ஃபேன்ஸி கடையில் வளையல் பார்க்கிற சாக்கில் பேசுகிற பேச்சுத்தான் அவர்களுக்குக் கூட்டம்.

வாட்ஸ்அப் குரூப் வேண்டும் என்றால் பெயரை "சீட்டு" என்றோ "தையல் ஆர்டர்" என்றோ வையுங்கள், டி.பி.யில் வானவில் போடாதீர்கள். போட்டோ எடுக்கவே கூடாது, செல்ஃபியும்தான். டேட்டிங் ஆப்பில் பேசி வரவழைத்துப் பணம் பறிக்கிற கும்பல் இருப்பதால் புதிதாக வருகிறவரை முதலில் இரண்டு பேர் போய் வெளியே டீக்கடையில் பார்த்துவிட்டு அழைத்து வாருங்கள். நொய்யல்கரை, அந்த லைன் வீட்டுப் பெண்களிடம் என்னைப் பற்றிச் சொல்லுங்கள், நான் காங்கயத்தில்தான் இருக்கிறேன்.

—

சிறுவாணித்தண்ணி எழுதியது:

நியூயார்க்கை வைத்துக் கோயம்புத்தூரை அளக்க முடியாது என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். தனித்தனியாக நின்றால் கலெக்டர் ஆபீஸில் எண்ணிக்கைதான் பேசும் என்பதும் மாறவில்லை. ஆனால் வக்கீல் சொன்ன வன்கொடுமைச் சட்டம் பற்றிய விஷயம் எங்கள் குழுவில் ஒருமுறைகூடப் பேசப்படவில்லை, அது உண்மை. நீங்கள் ஆரம்பியுங்கள். திருநம்பி நண்பருக்கு அடையாள அட்டை வேலை இருந்தால் எங்கள் பக்கம் அதற்கென்று அலைந்து பழகிய ஒருவர் இருக்கிறார், அனுப்புகிறேன். டீ நீங்கள் போடுவதைக் குடிக்கிறேன், கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

—

நொய்யல்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. அமராவதி அக்காவுக்குத் தனிச்செய்தி போட்டிருக்கிறேன். அந்தப் பெண்கள் கடிதம் எழுதச் சம்மதித்துவிட்டார்கள். யாரிடம் கொடுத்து வைப்பது என்பதில்தான் அவர்களுக்குள் சண்டை.

சங்க ஆபீஸ் மாடியைக் கேட்டேன். சாவி வைத்திருக்கும் தோழர் தருவதாகச் சொன்னார், ஆனால் "என்ன கூட்டம் தம்பி?" என்று கேட்டார். செக்கிங் ஆட்கள் கூட்டம் என்று சொல்லிவிடட்டுமா? ஒருவகையில் பொய்யும் இல்லையே.

—

தறிச்சத்தம் எழுதியது:

வேண்டாம் சாமி. வாட்ஸ்அப்பில் பெயரை மறைப்பது வேறு, சாவி கொடுக்கிறவரிடம் மறைப்பது வேறு. நாளைக்கு யாராவது வந்து வாசலில் நின்று சத்தம் போட்டால் முதலில் வெளியே வரப்போவது அந்தத் தோழர்தான். விஷயம் தெரியாமல் வந்தால் அவரும் அவர்கள் பக்கம் நின்று உங்களைத்தான் கேள்வி கேட்பார். தெரிந்து சாவி கொடுத்தால் உங்களுக்காகப் பேசுவார். மறுத்தால் மறுக்கட்டும், வேறு மாடி பார்க்கலாம்.

உனக்குப் பேச வெட்கமாக இருந்தால் நான் வருகிறேன். எனக்குத்தான் யாரிடமும் மறைக்க ஒன்றும் இல்லையே. அவர் எந்த நேரம் ஆபீஸில் இருப்பார் என்று மட்டும் கேட்டுச் சொல், வியாழக்கிழமை திருப்பூரில் எனக்கு வேறு வேலையும் இருக்கிறது.